‘கதையை வாங்காதே’ என்பவர்களுக்கு

பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களையும் பேட்ஜ்களையும் சேகரிக்கிறவர்களிடம் ஒரு வாக்கியம் வேதம்போலப் புழங்குகிறது: ‘பொருளை வாங்கு, கதையை வாங்காதே.’ இந்த வட்டத்துக்குள் புதிதாக நுழைகிற எவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். விற்கிறவன் ‘என் தாத்தா ஸ்டாலின்கிராடில் அணிந்தது’ என்பான். நம்பாதே, ஊசியைப் பார், கீலைப் பார், முத்திரையைப் பார். பதினான்கு வருடங்களாக நானும் இதைக் கேட்டுவருகிறேன். ஏமாறாமல் இருக்கச் சொல்லும் எச்சரிக்கை என்ற அளவில் எனக்கு இதில் சண்டை இல்லை. ஆனால் இன்று இது எச்சரிக்கையாக இல்லை. இது யாருடையது, அவரிடமிருந்து எப்படிப் போனது என்று கேட்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. அதை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். ‘ஒரு தமிழனுக்கு ஏன் இந்த வேலை?’ வீட்டுக்கு வரும் நம்மவர்களில், மேசைமேல் திறந்திருக்கும் பெட்டியைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு முகம் சுருங்கும். இன்னொரு வகைக்குக் கண் பிரகாசிக்கும். ‘என்ன இருந்தாலும் ஹிட்லர்தான் சார் ஆளு’ என்று ஆரம்பிப்பார்கள். கண்டிப்பான தலைமை ஆசிரியருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்து வளர்ந்த சமூகம் நம்முடையது. இந்த இரண்டாம் வகையினருக்கு நான் பெட்டியை மூடிவிடுகிறேன். முதல் வகையினரின் கேள்விதான் நியாயமானது. ஜெர்மனியிலேயே ஸ்வஸ்திகா உள்ள பொருளைப் பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆய்வு, கல்வி, வரலாறு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஃப்ளோமார்க்ட் கடைக்காரர்கள் அந்தச் சின்னத்தின்மேல் குட்டி ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பது இதனால்தான். ஸ்டிக்கர் சட்டத்துக்குப் போதும். வீட்டில் வைத்திருக்கிறவனுக்குப் போதாது. அவன் ஆய்வு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் முகம் சுருக்கியவர்கள் நினைத்தது சரிதான்.

உலோகம் நிறையப் பேசும், மறுக்கவில்லை. காயமுற்றோர் பேட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கைசர் வில்ஹெல்ம் 1918 மார்ச் 3ஆம் தேதி நிறுவியது. நீள்வட்டம், நடுவில் இரும்புத் தலைக்கவசம், அதன் பின்னால் குறுக்காக இரண்டு வாள், சுற்றிலும் இலைமாலை. ஒன்று அல்லது இரண்டு முறை காயம்பட்டவருக்குக் கறுப்பு, மூன்று நான்கு முறைக்கு வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பொன் நிறம். கை, கால், கண் போனவருக்கு எண்ணிக்கை பார்க்காமல் மேல்நிலை. ஹிட்லர் அரசு இதைக் கவசத்தில் ஸ்வஸ்திகா சேர்த்து மறுபடி கொண்டுவந்த நாள் 1939 செப்டம்பர் 1. போலந்துக்குள் படை நுழைந்த அதே நாள். காயம்பட ஆரம்பிக்கும் முன்பே காயத்துக்கான சின்னம் தயார். பிறகு 1957இல் மேற்கு ஜெர்மனி, ஸ்வஸ்திகாவை நீக்கினால் பழைய பதக்கங்களை அணியலாம் என்று சட்டம் செய்தது. அதனால் மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு. 1918க்கும் 1957க்கும் வித்தியாசம் தெரியாமல் புதியவர்கள் திணறுவார்கள். தலைக்கவசத்தைப் பார்த்தால் போதும்: முதல் உலகப்போர்க் கவசத்தின் பக்கங்களில் கொம்புபோல் துருத்திய காற்றுமுனைகள் இருக்கும்.

பின்பக்கம் திருப்பினால் இன்னும் பேசும். இரண்டாம் போரின் தொடக்கத்தில் செம்பும் பித்தளையும் கலந்த நல்ல உலோகம், கனமாக, மெருகோடு இருக்கும். போர் நீள நீள துத்தநாகம் வருகிறது. மேல்பூச்சு உதிர்ந்து சாம்பல் நிறத்தில் செத்துப்போய்க் கிடக்கும். ஒரு நாட்டின் கஜானா காலியாவதை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கிக் காட்டலாம். 1941 முதல், அதிகாரி கடையில் காசு கொடுத்து வாங்கிய பிரதியில் ‘எல்’ என்ற எழுத்தும் ஒரு சாய்கோடும் தயாரிப்பாளரின் எண்ணும் இருக்கும். அரசு வழங்கியதில் வெறும் எண் மட்டும். அந்த எண்களைப் பின்தொடர்ந்தால் லூடென்ஷைடுக்குப் போவோம். சட்டைப் பொத்தான் செய்து பிழைத்த ஊர். அதே அச்சு இயந்திரங்கள் பதக்கமும் அடித்தன. கண்ணாடி மணிக்கும் கவரிங் நகைக்கும் பேர்போன காப்லோன்ஸுக்கும், பொன் வேலைக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைமுக்கும் போவோம்.

போலிகளைக் கண்டுபிடிப்பதும் ஒரு தனி சுகம். அச்சில் அடித்த பொருளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்ப்பில் செய்த போலியில் ஊசிமுனையளவு குமிழிகளும், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடமும் இருக்கும். இரும்புச் சிலுவையின் நடுப்பகுதி பொதுவாக இரும்பு, சட்டம் வெள்ளி. காந்தம் ஒட்டாவிட்டால் சந்தேகப்படு. பட்டு நாடாவைப் புற ஊதா விளக்கில் காட்டு. வெள்ளை நீலமாகப் பளீரிட்டால் அந்த நூல் போருக்குப் பிந்தையது. இதையெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்காகச் செய்கிறேன். பிடித்துத்தான் செய்கிறேன்.

ஆனால் இத்தனையும் சொன்ன பிறகு நமக்குத் தெரிந்தது என்ன? தொழிற்சாலையின் சரித்திரம். முதல் உலகப்போரில் மட்டும் ஐம்பது லட்சம் அளவுக்கு இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவைகள் கொடுக்கப்பட்டன. கையில் இருக்கிற இது அந்த ஐம்பது லட்சத்தில் யாருடையது என்பதை இரும்பு சொல்லாது.

அது ஏன் முக்கியம் என்று கேட்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். முதல் உலகப்போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மானியப் படையில் பணியாற்றினார்கள். பன்னிரண்டாயிரம் பேர் செத்தார்கள். 1934 ஜூலை 13ஆம் தேதி, சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஹிண்டன்பர்க் போர்வீரர்களுக்கான கௌரவச் சிலுவையை நிறுவினார். முன்னாள் வீரர் விண்ணப்பித்தால் கிடைக்கும். போர்முனையில் நின்றவருக்கு வாள்கள் உள்ளது, மற்றவருக்கு வாள் இல்லாதது, விதவைக்கும் பெற்றோருக்கும் கறுப்பு. யூத வீரர்களும் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது. ‘ஃப்யூரர், ராய்ஷ் சான்சலரின் பெயரால்’ என்று அச்சிட்ட சான்றிதழோடு கிடைத்தது. அடுத்த வருடம் நியூரன்பர்க் சட்டங்கள். போர்முனையில் நின்ற யூத அரசு ஊழியருக்கு 1933இல் விட்டுவைத்திருந்த வேலைச் சலுகையும் அத்தோடு போயிற்று. 1942 ஜனவரி 20ஆம் தேதி வான்ஸே மாளிகையில் கூடியவர்கள் எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்பில், கடும் போர்க்காயம் பட்ட யூதர்களையும் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை வைத்திருக்கும் யூதர்களையும் தெரேசியன்ஸ்டாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு பதக்கம், அதை வாங்கியவன் எந்த ரயிலில் ஏறுவான் என்று தீர்மானித்தது. தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து ஆஷ்விட்ஸுக்கும் ரயில் போயிற்று.

இப்போது ஒரே தயாரிப்பாளரின் இரண்டு முதல் வகுப்புச் சிலுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, பின்னாளில் பழுப்புச் சட்டை போட்டு யூதக் கடைகளுக்கு முன்னால் காவல் நின்றவனுடையது. மற்றது அந்தக் கடைக்காரனுடையது. இரண்டிலும் காந்தம் ஒரேபோல ஒட்டும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம். 1944 ஜனவரி 30இல் நிறுவிய ‘கொள்ளைக்கும்பல் ஒழிப்பு’ பேட்ஜ். பாம்புக் கூட்டத்தின் நடுவே வாள் இறங்குகிற வடிவம். இருபது ‘போர் நாட்களுக்கு’ வெண்கலம், ஐம்பதுக்கு வெள்ளி, நூறுக்குப் பொன். ‘கொள்ளைக்கும்பல்’ என்பது பார்ட்டிசான் போராளிகளுக்கு அவர்கள் வைத்த பெயர். பெலாரஸிலும் யூகோஸ்லாவியாவிலும் அந்த நாட்களில் நடந்தவற்றில் ஊரை எரித்ததும், கொட்டகையில் அடைத்துக் குழந்தைகளோடு கொளுத்தியதும் உண்டு. இந்த பேட்ஜுக்குச் சந்தையில் நல்ல விலை. பாம்புகளின் செதில் எவ்வளவு நுணுக்கம், ஊசி இருபக்கமும் குவிந்ததா ஒருபக்கமா என்று மணிக்கணக்காக வாதிடுகிறவர்களை எனக்குத் தெரியும். எந்த நாட்கள், எந்த ஊர்கள் என்று கேட்டால் ‘அரசியல் பேசாதே’ என்பார்கள். தேதியும் ஊரும் கேட்பது அவர்களுக்கு அரசியல்.

‘கதை’யைத் தேடவே முடியாது, அதனால்தான் உலோகத்தோடு நிற்கிறோம் என்று சிலர் சாக்குச் சொல்வார்கள். தேட முடியாமல் செய்வது யார்? ஒரு கிழவர் சாகிறார், வீட்டைக் காலிசெய்கிறார்கள். மேசை இழுப்பறையில் பதக்கம், அதன் சான்றிதழ், சோல்ட்புக் எனப்படும் சம்பளப் புத்தகம், நான்கைந்து புகைப்படம், மனைவிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டியாக விற்றால் ஒரு விலை. பிரித்து விற்றால் பதக்கம் ஒருவனுக்கு, புத்தகம் இன்னொருவனுக்கு, அஞ்சல்தலைக்காகக் கடித உறைகள் மூன்றாமவனுக்கு, மொத்தத்தில் இரண்டு பங்கு காசு. பிரித்துதான் விற்கிறார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் சாவியை அழித்துவிட்டு, ‘தரவு அப்படியே இருக்கிறதே’ என்பதைப் போல. தரவு இருக்கிறது, இனி அது யாரைப் பற்றியும் இல்லை. பிரித்து விற்றுவிட்டு ‘கதையை வாங்காதே’ என்று நமக்கே உபதேசமும் செய்வார்கள்.

என்னிடம் இருக்கிற கறுப்பு பேட்ஜ் ஒன்றை ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சந்தையில் வாங்கினேன். கூடவே நான்காக மடித்த சான்றிதழ். ‘காகிதம் வேண்டாமென்றால் ஐந்து யூரோ குறைத்துக்கொள்கிறேன்’ என்றார் கடைக்காரர். கேலி இல்லை, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். காகிதத்தில் பெயர், ரெஜிமென்ட், 1918 கோடைக்காலத் தேதி. முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல்களை ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர் சங்கம் ஒன்று பெயர் பெயராக உள்ளிட்டு இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. பெயரைப் போட்டால் பிறந்த ஊரோடு ‘லேசான காயம்’ என்று வந்தது. அவர் வூர்ட்டம்பெர்க்காரர் என்பது நமது அதிர்ஷ்டம். பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பெரும்பகுதி 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின. வூர்ட்டம்பெர்க், பவேரியப் படைகளின் ஆள்பதிவேடுகள் ஸ்டுட்கார்ட்டிலும் மூனிச்சிலும் பிழைத்துக் கிடக்கின்றன. பிரஷ்யனாகப் பிறந்தால் காணாமல் போவாய், சுவாபியனாகப் பிறந்தால் உன் பற்சிகிச்சைகூட மிஞ்சும் என்று ஆவணக்காப்பக ஊழியர் ஒருவர் சிரித்தார். பதிவேட்டில் அவர் தொழில் பேக்கரி உதவியாள். 1916இல் இடது மேற்கையில் குண்டுச் சிதறல், ஏழு வாரம் மருத்துவமனை, திரும்பவும் அதே ரெஜிமென்ட்.

எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்து, கொக்கி கொக்கியாக. எனக்கு ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும். இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் ஒரு வாரம் பழகினால் வாசித்துவிடுவார்கள். வாரக் கடைசியில் வேலை இல்லாமல் திரியும் யாரையாவது இதில் இழுத்துவிடுங்கள்.

அவர் ஊரில் அதே குடும்பப் பெயரோடு இப்போதும் ஒரு பேக்கரி இருந்தது. கடிதம் எழுதினேன், பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் வைத்தேன். பேத்தி பதில் போட்டார். தாத்தா எப்போதும் வலது கையால் மட்டுமே மாவு பிசைவார். அது அவர் பாணி என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். பேட்ஜைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டிருந்தேன். வேண்டாம், நகல் போதும் என்றார்.

பொருளை மட்டும் வாங்கியிருந்தால் ஐந்து யூரோ மிச்சம்.

கதை என்றாலே நம்பிவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய கதைகளால் ஏமாந்தவர்களில் நம்மவர்களும் முன்வரிசையில் இருக்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! எம்டன் அந்த ஜூலை இறுதியில் சீனக் கடற்கரையின் சிங்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல். செண்பகராமன் அந்தக் கோடையில் சூரிச்சில் இருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். நிலப்படத்தை விரித்துப் பார்த்தாலே கதை முடிந்தது. ஆனாலும் ‘எம்டன் வீரரின் பதக்கம்’ என்று யாராவது விற்றால், எம்டன் என்ற சொல்லையே கில்லாடி என்ற பொருளில் பேச்சில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்குக் கை பரபரக்கும். எம்டனோடு உண்மையாகவே தொடர்புள்ள ஒரு பதக்கம் உண்டு. அதைச் செய்தவர்கள் ஜெர்மானியர்களே அல்ல. 1914 நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை நொறுக்கியது. அதிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களுக்குக் கிரீடமும் வளையமும் வைத்துச் சிட்னி நகர நகைக்கடையில் பதக்கமாக்கினார்கள். நாம் வழிபடும் கப்பலின் நினைவுச்சின்னம் அதை நொறுக்கியவர்களின் கைவேலை. இந்தக் கதைக்கு ஆவணம் இருக்கிறது, யாரும் மேடையில் சொல்வதில்லை.

பாயும் புலி பொறித்து ‘ஃப்ரைஸ் இண்டியன்’ என்று எழுதிய கைப்பட்டைச் சின்னமும் அப்படித்தான். வட ஆப்பிரிக்காவில் சிறைபிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு நேதாஜி ஜெர்மனியில் அமைத்த படையினுடையது. மூவர்ணத்தில் புலி என்றதும் நம் ஆட்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. வாங்கிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் போலி என்பது சின்னக் குறை. 1944 ஆகஸ்டில் அந்தப் படை வாஃபென் எஸ்.எஸ். பொறுப்பில் விடப்பட்டது, அது பிரான்சிலிருந்து பின்வாங்கிய வழியில் என்ன நடந்தது என்பதைப் படிக்காமல் மாட்டுவது பெரிய குறை.

கடைசியாக, இந்தச் சந்தையில் எனக்கு மிக அருவருப்பான பொருளுக்கு வருகிறேன். இலக்கத் தகடு. ஜெர்மானியச் சிப்பாயின் கழுத்தில் தொங்கிய நீள்வட்டத் தகடு. நடுவில் உடைப்பதற்கு வசதியாகத் துளைக்கோடு. இரண்டு பாதியிலும் ஒரே எழுத்து: படைப்பிரிவு, வரிசை எண், ரத்த வகை. பெயர் இல்லை. செத்தால் கீழ்ப் பாதியை உடைத்துத் தகவல் மையத்துக்கு அனுப்ப வேண்டும், மேல் பாதி உடலோடு இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல்கள் பெர்லினில் இருந்த தகவல் மையத்தில் சேர்ந்தன. 2019 ஜனவரி முதல் அந்த மையம் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் பகுதி. ஆகவே, மண்ணுக்குள் முழுத் தகடு கிடைத்தால் பெரும்பாலும் அதன் பொருள் ஒன்றுதான்: அந்த மனிதன் செத்ததை யாரும் பதியவில்லை. வீட்டில் அவன் ‘காணாமல் போனவன்’.

பெர்லினுக்குத் தெற்கே ஹால்பே காடுகளில், 1945 ஏப்ரல் கடைசியில் சுற்றிவளைக்கப்பட்டவர்களின் எலும்புகள் இன்றும் கிடைக்கின்றன. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சொல்லவே வேண்டாம். இரவில் உலோகம்காட்டும் கருவியோடு போகிறவன் தகடு, பேட்ஜ், பெல்ட் கொக்கி எடுத்துக்கொண்டு எலும்பை அங்கேயே விட்டுவிடுகிறான். விளம்பரத்தில் ‘போடன்ஃபுண்ட், அசல் நிலை’ என்று போடுகிறான். மண்ணில் கிடைத்தது என்று பொருள். தகடு போன பிறகு, போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்புண்ட் அமைப்பினர் வந்து தோண்டினாலும் அந்த எலும்புக்குப் பெயர் கிடைக்காது. சில பத்து யூரோவுக்காக ஒரு மனிதனை இரண்டாம் முறையாகக் காணாமல் ஆக்குகிறார்கள். செத்தவரின் அமைதியைக் குலைப்பது இங்கே 168ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் வாங்குகிறவன் தோண்டவில்லையே!

‘ஹிட்லரின் சிப்பாய்க்காக உருகுகிறாயா’ என்று ஒரு நண்பர் கேட்டார். உருகவில்லை. அவன் பேக்கரி உதவியாளாக இருந்திருக்கலாம், கொட்டகைக்குத் தீ வைத்தவனாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று தெரிய அந்த எண் வேண்டும். எண்ணைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியவன் தாய்க்கும் பதில் இல்லாமல் செய்கிறான், அவன் எரித்த ஊருக்கும் பதில் இல்லாமல் செய்கிறான்.

இந்த இதழின் வாசகர்களில் பலருக்கு இலக்கத் தகடு என்றால் என்ன என்று நான் விளக்கியிருக்கவே வேண்டாம். 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அங்கே கிடைக்கும் ஒவ்வொரு துணியையும் ஒவ்வொரு உலோகத் துண்டையும் எத்தனை வீடுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்! அதில் ஒன்றை எவனோ எடுத்து ‘அசல் நிலை’ என்று விலைபோட்டு விற்பதாக நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தகடுகளை வாங்காதீர்கள். முழுத் தகடு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் சும்மா விடாதீர்கள். இரு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். யாரிடம், எந்த ஊரில், எப்போது வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி, படத்தோடு ஆவணக்காப்பகத்தின் பெர்லின் அலுவலகத்துக்கும் ஃபோல்க்ஸ்புண்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பதில் வர மாதக்கணக்காகும். தகட்டை அதுவரை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்க வேண்டாம். துத்தநாகத்தில் எண் போய்விடும்.